எட்டு ஜிபி

புயலுக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை.
கச்சனம் கூட்டுறவுச் சங்கத்துக் கணினி அதற்குள்
இரண்டு தடவை நீலமாகிப்
பிழைத்துக்கொண்டது.

மூன்றாவது தடவைக்குக் காத்திராமல்
செயலாளர் வைரக்கண்ணுவிடம் பென் டிரைவ் கேட்டேன்.
சாவிக்கொத்திலிருந்து கழற்றித் தந்தார்.
மகள் வளைகாப்பு வீடியோ இருந்தது அதில்.

'உள்ளவை அனைத்தும் அழியும், தொடரவா?'
என்றது திரை.
நான் அவரைப் பார்த்தேன்.
அவர் சன்னல் வழியே முள்ளியாற்றைப் பார்த்தார்.
"சம்பந்தி வீட்ல ஒரு காப்பி இருக்கும், அழுத்தும்மா."

பச்சைக்கோடு நகர்ந்தது,
கடைமடை வாய்க்காலில் தண்ணி வரும் வேகத்தில்.

எழுதிவிட்டால் போதாது,
எழுப்பிப் பார்க்கணும்.
எஃப் பன்னிரண்டு. எழவில்லை.
பூட் வரிசையில் டிஸ்க்கைத் தள்ளி
இந்தக் குச்சியை முன்னால் நிறுத்தினேன்;
யூரியா வரிசையில்கூட
இப்படி ஒருத்தன் நுழைந்ததில்லை.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.
அணைத்து, பீரோவில் பூட்டினேன்.

புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டது.
வெயில் அடித்த ஒரு செவ்வாய் மதியம்
டிஸ்க் செத்தது.

குச்சி எழுப்பியது.
திங்கள் இரவு வரைக்கும் எல்லாம் திரும்பின:
நகைக்கடன், பயிர்க்கடன், பங்குத்தொகை,
என் எழுத்துப்பிழைகள்.
செவ்வாய் காலை மட்டும் இல்லை.

'இன்று காலை பணம் கட்டியவர்கள்
ரசீதுடன் வரவும்'
கரும்பலகையில் எழுதிவைத்தேன்.
ஒன்பது பேர் வந்தார்கள், ஒன்பதும் வரவு.
இருட்டியபின் தவமணி வந்தாள்.
சைக்கிளைச் சாத்தாமலே சொன்னாள்:
"நான் கட்டலங்க.
பதினெட்டாயிரம் வாங்கிட்டுப் போனேன்.
அத ஏத்திட்டீங்களா?"

ஏற்றினேன்.
சம்பந்தி வீட்டுக் காப்பி பற்றி மட்டும்
இதுவரை யாரும் பேசவில்லை.