கொருக்குப்பேட்டை கேட்

சலாலாவில் ஏற்றும்போது
தொண்டைக்குழாயின் குட்டிப் பலூனிலிருந்து
காற்றை உறிஞ்சிவிட்டு
உப்புநீர் ஏற்றினேன்.
மேலே போகப் போகக் காற்று உப்பும்,
உள்ளிருந்தே நெரிக்கும்.
நீருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பெயர் தேசப்பன். வயது நாற்பத்தாறு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.
உச்சிக் கூண்டில் இருக்கையிலேயே
ஒரு மதியம் மூளைக்குள் ரத்தம் கசிந்தது.
கீழே இறக்கவே ஒரு மணிநேரம் ஆயிற்றாம்.

அரபிக்கடல் முழுக்க
சிலிண்டர் முள்ளையும் கடிகார முள்ளையும்
மாற்றி மாற்றிப் பார்த்துக்
கழித்துக்கொண்டே வந்தேன்.

மீனம்பாக்கத்தில் அதிகாரி
ஆம்புலன்சுக்குள் எட்டிப் பார்த்தார்.
பாஸ்போர்ட்டில் மீசை. ஸ்ட்ரெச்சரில் பிளாஸ்திரி.
"முகத்தை இப்படித் திருப்பச் சொல்லுங்க" என்றவர்
நாக்கைக் கடித்துக்கொண்டார்.
பிறகு முத்திரையை மெதுவாக வைத்தார்,
தூக்கம் கலைந்துவிடும் என்பதுபோல.

ஸ்டான்லியில் படுக்கை தயார்.
நீலாவதி கேட்டது ஒன்றுதான்:
"ஒரே ஒரு வாட்டி வூட்டாண்ட நிறுத்துங்க சார்.
அவரு துட்டுல மாடி எடுத்தோம்.
போன்லதான் பாத்திருக்காரு."
பேட்டரி எழுபது நிமிடம்.
விதிப்படி, கூடாது.
டிரைவர் இம்மானுவேல் என்னைப் பார்க்கவே இல்லை,
ஸ்டான்லி வாசலைத் தாண்டிவிட்டான்.

கேட் போட்டிருந்தது.

கூட்ஸ் வண்டி. பெட்டி பெட்டியாகக் கண்டெய்னர்,
சீன எழுத்து, கொரிய எழுத்து,
ஒன்றில் அரபி.
முப்பத்தொன்று வரை எண்ணினேன்.
எதனிடமும் யாரும்
முகத்தைத் திருப்பச் சொல்லவில்லை.

நீலாவதி அவர் காதருகே குனிந்தாள்.
அழுவாள் என்று நினைத்தேன்.
"கேட்ல மாட்டிக்கினோம்யா" என்றாள்,
"எப்பவும் போல."

எண்பத்து நான்கிலிருந்த நாடி
தொண்ணூற்றொன்று ஆனது.
தண்டவாள அதிர்வாகவும் இருக்கலாம்.
படிவத்தில் நான் எதையும் எழுதவில்லை.

சும்மா இருந்த கைக்கு வேலை வேண்டியிருந்தது.
சிரிஞ்சை எடுத்துப்
பலூனின் நீரை இழுத்தேன்.
சலாலாவில் நிரப்பியது.
பின்கதவு லேசாகத் திறந்திருந்தது,
எண்ணெய்க் கிடங்கு வாடை, ரயில் புழுதி.
ஆறு மில்லி கொருக்குப்பேட்டைக் காற்றை
உள்ளே செலுத்தினேன்.
மூச்சுக்கு அல்ல,
குழாய் நழுவாமல் பிடித்துக்கொள்ள.

கேட் பாதி எழுந்தது.
பைக்குகள் குனிந்து நுழைந்தன.
மறுபடியும் மணி.
எதிர்த் தடத்தில் இன்னொன்று வருகிறது.
ஐம்பத்திரண்டு நிமிடம் என்கிறது திரை.