திரு மோகாம்பாள் படையாட்சி

எல்லாவற்றையும் ஓவனுக்குள்தான் வைத்திருந்தேன்.
நாலு தட்டு, கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு விளக்கு,
டோங்காட் கடைவீதியில் தவணைக்கு எடுத்தது.
சுட்டெடுக்க ஒன்றும் இல்லாத மாதங்களில்
அதைவிடப் பத்திரமான இடம் வீட்டில் இல்லை.
பிரிக்காத உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் ஜன்னல்,
அதன் வழியே எட்டிப் பார்க்கும் என் பெயர்:
திரு மோகாம்பாள் படையாட்சி.
திரு.
கடனாளி என்றால் மீசை இருக்கும் போல
அந்தக் கம்பெனிக்கு.

தனசேகரனுக்கு ஆலையில் வேலை போனது மார்ச்சில்.
ஏப்ரலில் ஒரு கடிதம். மே மாதம் ஐந்து.
ஜூனில் ஒரு ஞாயிறு, தங்கை குடும்பம் வருகிறதென்று
உள்ளே பார்க்காமல் ஓவனைத் திருகிவிட்டார், இருநூறு டிகிரி.

புகை.
வெறுங்கையால் இழுத்துப் போட்டேன்.
தரை முழுக்க ஓரம் கருகிய காகிதம்.
அவர் மண்டி போட்டு வாசிக்க ஆரம்பித்தார்.
இது உங்களுக்குக் கடைசி அறிவிப்பு.
இதுவும் கடைசி. இதுவும்.
பதினேழு கடைசிகள்.
என்னிடம் எப்போது சொல்வதாக இருந்தாய் என்று கேட்பார், கேட்பார் என்று
நின்றுகொண்டே இருந்தேன்.
"கையைக் குழாயில் காட்டு," என்றார்.
கோழி அன்று சட்டியில் வெந்தது.

கடன் ஆலோசகர் திருமதி சிபியாவின் ஆபீஸ்
மீன் பொரிக்கும் கடைக்கு மேல் மாடி.
வினிகர் வாசனைக்கு நடுவே எங்கள் குடித்தனத்தைக்
கட்டம் கட்டமாகக் கேட்டாள்.
வாடகை. கரண்ட். டாக்ஸி.
சாவுக் காப்பீடு. "அதில் கை வைக்காதே."
"இதர செலவு அறுபது ராண்ட், அது என்ன?"
கற்பூரம், என்றேன். வெள்ளிக்கிழமைப் பூ.
அடித்துவிடுவாள் என்று பேனா முனையையே பார்த்திருந்தேன்.
எழுத்துக்கூட்டச் சொல்லி
எழுதிக்கொண்டாள்.

எங்கள் பாஷையில், என்றேன், எதையாவது சொல்லவேண்டுமே என்று,
கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன்.
"நல்ல பாஷை," என்றாள், கால்குலேட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அறுபது மாதம்.
மாதம் மூவாயிரத்து நானூற்றுப் பத்து, ஏழு பேருக்கு.
ஓவன் கடைக்கு அதில் நூற்றுப் பன்னிரண்டு.
மகள் பள்ளி முடித்து, அதற்குப் பிறகும் ஒரு வருஷம்.

இருபத்தைந்தாம் தேதி முதல் பணம் போனது.
இருபத்தெட்டாம் தேதி கடிதம் வந்தது.
சிவப்பு எழுத்து, ஏழு நாள் கெடு, ஷெரிஃப் என்றொரு சொல்.
வயிறு இறங்கிக் கரும்புக்காடு வரைக்கும் போய்வந்தது.
"அவர்கள் ஆபீசிலேயே ஒரு மேஜை சொல்வது
இன்னொரு மேஜைக்குக் கேட்காது," என்றாள் சிபியா போனில்.
"வருவதையெல்லாம் படம் எடுத்து எனக்கு அனுப்பு.
படிக்காதே. படித்தாலும் ராத்திரியில் படிக்காதே."

ராத்திரியில் படித்தேன்.
இரண்டு மணிக்கு எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன்,
ஷெரிஃப் அந்த நேரத்தில் வருவார் என்பது போல.

அவள் கொடுத்த கோப்பு எண் பதினொரு இலக்கம்.
குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன்,
டில்லில் நிற்கும்போது,
அடுத்தவர் பால் பாக்கெட்டை எடுத்து வைப்பதற்குள் ஒரு முறை.

மதிய இடைவேளையில் போன். லுவாண்ட்லே என்றான்,
பள்ளிக்கூடம் இன்னும் விட்டுப்போகாத குரல்.
"திரு மோகாம்பாளோடு பேசவேண்டும்."
அப்படி ஒருவர் இல்லை, என்றேன்.
வாங்கியவள் நான். எழுதிக்கொள்.
பதினொன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.
அந்தப் பக்கம் சாவிப்பலகைச் சத்தம்,
பின்னால் நூறு பேர் நூறு பேரிடம் பேசும் இரைச்சல்.
"சரி மா," என்றான். மா என்றுதான் சொன்னான்.
வைத்த பிறகுதான் கால் நடுங்கியது.

மூன்றாவது தவணை போன அன்று தனசேகரன்
ஓவன் முன்னால் குந்திக் கணக்குப் போட்டார்:
கைப்பிடி நம்முடையது இப்போது. விளக்கும்.
கதவில் ஒரு சாண் கண்ணாடி, ஒருவேளை.

சனிக்கிழமை இன்னொரு உறை வந்தது.
திருவுக்குத்தான்.
வாசலிலேயே நின்று பிரித்தேன், பகலில்.
படம் எடுத்தேன், தேதி போட்டேன்,
கோப்பில் துளை குத்தி மாட்டினேன்.