விரிசல் அளக்கப் போன நாள்

மர்வ்தஷ்தில் பேருந்து இறக்கிவிட்டது.
அங்கிருந்து தக்காளிப் பெட்டி ஏற்றும் நீல வண்டி.
"பூமியை அளக்கிறவளா" என்றான் யதுல்லா
கியரை மாற்றாமலே.
"போன வருஷம் வந்தவர்
ஒரு செருப்பை உள்ளே விட்டுவிட்டுப் போனார்."

கருவியை மடியில் வைத்துக்கொண்டேன்.
குன்றின் முகத்தில் நான்கு அரசர்களின் வாசல்கள்,
எந்த ஏணிக்கும் எட்டாமல்.
செத்தவர்களுக்கு மாடி வீடு,
அவன்தான் சொன்னான்.
சுற்றுலாப் பேருந்துகள் அங்கே திரும்பின.
நாங்கள் திரும்பவில்லை.

கொதாகரம் வயலின் குறுக்கே கூட்டிப் போனார்.
விரிசல் நான் நினைத்ததைவிடச் சிறியது.
ஒரு கை நுழையும்.
சில இடங்களில் ஒரு ஆடு விழும்.
விழுந்திருக்கிறது.
"மூன்று நாள் கத்தல் கேட்டது" என்றார்
குழாய் மூட்டைச் சரிபார்க்கிறவர் போலக் குனிந்து.

கோலை நட்டேன். செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன.
போன அளவிலிருந்து ஒரு சாண் இறங்கியிருந்தது ஊர்,
வீடு, மசூதி, மின்கம்பம், கோழிக்கூடு
எல்லாம் ஒன்றாக இறங்கியதால்
யாருக்கும் தெரியவில்லை.

அவர் ஒரு கூழாங்கல்லைப் போட்டார்.
வேகமாக எண்ணுகிற மனிதர்.
நான்கில் சத்தம் வந்துகொண்டிருந்ததாம் முன்பு.
ஏழு வரை எண்ணிவிட்டு
தொண்டையைச் செருமினார்.
சத்தம் வந்ததா என்று
நானும் கேட்கவில்லை.

வைக்கோல் போருக்குப் பின்னால்
எதுவோ உறுமிக்கொண்டிருந்தது.
"அது என்ன?"
"ஃபிரிட்ஜ்" என்றாள் அவருடைய மருமகள் ஜெய்ரான்,
கண் இமைக்காமல்.
வயல் நடுவில், தார்ப்பாய்க்கு அடியில்,
முந்நூறு அடி ஆழத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ்.
அதன் வாயிலிருந்து தண்ணீர்
தக்காளிக்குப் போய்க்கொண்டிருந்தது.

முற்றத்தில் தேநீர்.
ஆடுகள் உப்பு நக்கிக்கொண்டிருந்த கல்லைப்
பார்க்காதது போல முதலில் உட்கார்ந்தேன்.
கவிழ்த்த பூ. தூணின் அடி.
ஒரு பக்கத்து இதழ்கள் இன்னும் கூர்மை,
மறுபக்கம் நாக்குகள் தேய்த்துத் தேய்த்து
சோப்புக்கட்டி மாதிரி.
"எடுத்தால் அபராதம், வைத்திருந்தாலும் அபராதம்" என்றாள்.
"தூக்க ஆறு ஆண்கள் வேண்டும்.
ஆறு பேர் ஊரிலிருந்தால்
வேறு வேலை சொல்ல மாட்டேனா?"

சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு
என் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.
"எந்தப் பக்கம் போகிறது?"
பென்சிலால் காட்டினேன்.
வயல். வாய்க்கால். பள்ளிக்கூடத்தின் கழிப்பறைச் சுவர்.
அப்புறம் இந்த முற்றம்.
"அரசர்கள் பக்கம்?"
அந்தப் பக்கம் இல்லை. அவர்கள் பாறையில் இருக்கிறார்கள்.

தேநீரைச் சாசரில் ஊற்றி ஆற்றினாள்.
நெடுநேரம் ஆற்றினாள்.
பிறகு, கூடுதலாக ஒரு தக்காளி கேட்கிறவள் போல:
"கொஞ்சம் வளைத்துப் போடேன், இன்ஜினியரம்மா.
அவர்கள் வீட்டுப் பக்கமாக.
அப்புறம் பார், தெஹ்ரானிலிருந்து வண்டிகள் வரும்.
எங்கள் வீட்டுக்கு விரிசல் வந்தால்
நீ மட்டும்தான் வருவாய்."

கொதாகரம் சிரித்தார்.
அவள் சிரிக்கவில்லை.
கருவி வளையாது என்றேன்.
"கருவியைக் கேட்கவில்லையே" என்றாள்.

இரவு ஷிராஸ் போகும் பேருந்தில்
படிவத்தை மடியில் விரித்தேன்.
கிணறுகள்: அனுமதி பெற்றவை, பெறாதவை.
தொல்பொருட்கள் தென்பட்டனவா?
ஆம், இல்லை, டிக் செய்யவும்.
பிற கவனிப்புகளுக்கு இரண்டே வரி.
ஃபிரிட்ஜ் என்று எழுதி அடித்தேன்.

வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர்
நிலத்தில் இருபது மீட்டர்.
மழுங்கிய பென்சில்
எவ்வளவு நேர்மையாகப் பிடித்தாலும்
தடித்த கோடுதான் போடும்.
சீவுவதற்காகப் பைக்குள் கைவிட்டேன்.
கைக்குக் கிடைத்ததெல்லாம் தக்காளி.
எப்போது போட்டாளோ தெரியவில்லை,
இன்னும் குளிர்ந்திருந்தன.