ஒத்திகை

அடுத்த வாரத்துக்கான அறிக்கையைத்
தலைமையாசிரியை நேசமலர் மூன்று மணிக்கே கேட்டார்.
இப்போது நாலேகால்.
ஜெலுத்தோங் சாலையில் மழை,
பள்ளி வேன்களின் கூரைமேல் தாளம் பயில்கிறது.

திங்கள்: களிமண்.
நகம் வெட்டி அனுப்பவும்.
சூளையைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டாயிற்று.
கோட்டுக்கு அந்தப் பக்கம் நானும்
அதன் உறுமலும் மட்டும்.

செவ்வாய்: முகமூடிக்கு வண்ணம்.
பசைத் துப்பாக்கி ஆசிரியர் கையில்தான் இருக்கும்.
(போன மாதம் என் கட்டைவிரலில் விழுந்த சொட்டு
பாசிப்பருப்பு அளவுக்கு இன்னும் பளபளக்கிறது.
அதை எழுதப் போவதில்லை.)

புதன்: பறை.
சத்தம் தாங்காத பிள்ளைகளுக்குக் காதுமூடி உண்டு.
கீர்த்திகனுடையது நீலம்;
அதை யாரும் விளையாட்டுக்கு வாங்கிப் போடக் கூடாது.
வியாழன் கேன்டீனில் கடலைக் குழம்பு கிடையாது, காரணம் தெரியும்.

வெள்ளி: நாடகம். பெற்றோர் வரலாம்.
வாசலில் ஜாகா தில் பகதூர் அட்டை கேட்பார்.
"தெரிந்த முகம்தானே" என்று கோபிக்க வேண்டாம்.
என் மனைவியையே இரண்டு முறை
ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

இந்த இடத்தில் பேனா நிற்கிறது.

இன்று காலை பத்தரைக்கு
மணி விடாமல் அடித்தது.
பொம்பாவிலிருந்து வந்த புவான் ஹஸ்லினா
திடலில் கடிகாரத்தோடு நின்றார்.
நாங்கள் மேடையில், மூன்றாம் காட்சியில் இருந்தோம்.

வேடன் வில்லைப் போட்டுவிட்டு இறங்கினான்.
நரி வாலைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.
மேகங்கள் இரண்டும் கைகோத்து.
ஆறு, தன் நீலத் துணியை
அப்படியே தரையில் விட்டுவிட்டு வந்தது,
சொல்லிக் கொடுத்தபடி.

திடலில் எண்ணினேன். முப்பத்தொன்று.
விரலால் தலைகளைத் தொட்டுத் தொட்டு
மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்று.
பட்டியலில் முப்பத்திரண்டு.

பொய்த் தீதான். தெரியும்.
ஆனாலும் படிகளை நான் எப்படி ஏறினேன் என்று
முழங்காலைக் கேட்டால்தான் சொல்லும்.

மேடை நடுவில் ஜெய்ஷனா.
இரண்டாம் ஆண்டு. மரம்.
இடுப்புவரை அட்டைப் பட்டை,
தலைநிறையப் பச்சைக் காகிதம்,
இரண்டு கைகளும் கிளையாக விரிந்து நடுங்க
கண்களை இறுக்க மூடியிருந்தாள்.
மணி அவள் இலைகள்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா வரல?"

"சார்தானே சொன்னீங்க,
என்ன ஆனாலும் திரை விழுற வரைக்கும்
மரம் அசையக் கூடாதுன்னு."

சொன்னேன். மூன்று முறை.
போன வாரம் அவள் ஒரு கொசுவை விரட்டியதற்கு
முகம் சுளித்தும் இருக்கிறேன்.

கையைப் பிடித்து நடத்தித்தான் வர வேண்டும் என்பது விதி.
தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
ஒரு கிளை என் கண்ணில் குத்தியது.

ஆறு நிமிடம் பன்னிரண்டு நொடி.
புவான் ஹஸ்லினா எழுதிக்கொண்டார்.
பிறகு மண்டியிட்டு
அவளிடம் மலாயில் ஏதோ கேட்டார்.
ஜெய்ஷனா தலையாட்டினாள்.
ஓர் இலை விழுந்தது.

இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.
ஒரு ஒத்திகையில், இடத்தைவிட்டு நகராதே.
இன்னொன்றில், எதையும் எடுக்காதே, போ.
ஏழு வயதிடம் இதை எப்படிப் பிரித்துச் சொல்வது?
நல்ல பிள்ளை என்பதுதான்
அவளை அங்கே நிறுத்தி வைத்திருந்தது.

நேசமலர் கதவைத் தட்டுகிறார்.
அறிக்கையின் கீழே சேர்க்கிறேன்:

பெற்றோர் கவனத்துக்கு.
மூன்றாம் காட்சி மாற்றப்பட்டுள்ளது.
காட்டில் தீ என்று பறை முழங்கும்.
(மணி வேண்டாம். மணி மணியாகவே இருக்கட்டும்.)
முதலில் மரம் நடக்கும்.
நரியும் வேடனும் அதன் பின்னால் வருவார்கள்.

அது இடப்பக்கப் படி வழியாக இறங்கி
உங்கள் நாற்காலிகளுக்கு நடுவே போகும்.
கிளைகள் சற்று அகலம்.
தயவுசெய்து வழியில்
பைகளையோ குடைகளையோ வைக்க வேண்டாம்.