ரோட்டுக்கு இந்தப் பக்கம்

தயாளன் டீக்கடை அந்தப் பக்கம்.
நாங்கள் ஒன்பது பேரும் இந்தப் பக்கம்,
வேப்பமரத்தடியில்.
நடுவில் மாதனூர் – ஒடுகத்தூர் ரோடு.
பெரிய அகலமில்லை,
கண்ணாலேயே எண்ணியிருக்கிறேன்,
பதினான்கு எட்டு.

ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்
ஐந்து ஐம்பதுக்கு வரும்.
அதற்குள் எங்கள் டீ
தூக்குவாளியில் ரோட்டைக் கடந்து வந்துவிடும்.
ஒன்பது பேப்பர் கப்.
எஸ்தருக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல், தனியாக.
கொண்டுவருகிற பிபுல் அஸ்ஸாம்காரன்.
"சீக்கிரம் குடி மே" என்பான்.
அந்த "மே" நாங்கள் கொடுத்தது.

பாலாற்றில் தண்ணீர் வந்தால்
முதலில் அந்த பெஞ்சுக்குத்தான் வரும்.
ஆள் செத்தாலும், நிலம் விற்றாலும்
அங்கேதான் முதலில்.
எங்கள் காதுக்குப் பாதி வரும்,
மீதியை எம்-சாண்ட் லாரி ஏற்றிக்கொண்டு போய்விடும்.
"சாந்தலிங்கம் பையன் ராவோட ராவா
பையத் தூக்கிக்கினு..."
லாரி.
மீதியைத் தையல் மெஷின் முன்னால்
நாங்களே முடித்துக்கொள்வோம்.
நான் தைக்கும் மேல்தோல் ஜெர்மனி வரை போகிறது.

ஐப்பசியில் ஒருநாள்
வேப்பமரமே ஒழுகியது.
யாரும் பேசி முடிவெடுக்கவில்லை.
ஷமீம் புர்காவை ஒரு கையில் தூக்கிப் பிடித்து
நடந்தாள்.
பின்னாலேயே நாங்கள் எட்டுப் பேர்.
பாதியில் எண்ணிக்கை விட்டுப்போனது எனக்கு.

பெஞ்சில் ஒரு பேப்பர் முகத்துக்கு ஏறியது.
ஒருவருக்கு அந்த நேரத்தில்
பேங்கில் வேலை வந்தது.
தயாளன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
தோள் துண்டால் பெஞ்சைத் துடைத்து,
"குந்துங்க."

கண்ணாடி கிளாஸ்.
சூடு பொறுக்காமல்
விளிம்பில் இரண்டு விரலால் பிடித்தேன்,
அவர்கள் பிடிக்கிற மாதிரி.
ஏழு வருஷமாய் நான் குடித்தது டீ இல்லை,
டீயின் பார்சல்.

கோகிலா கேட்டேவிட்டாள்:
"சாந்தலிங்கம் பையன் இன்னா ஆனான்?"
"மிலிட்டரில சேந்துட்டான். ஏன்?"
எஸ்தருக்குப் புரையேறியது.
நாங்கள் அவனுக்குக் குடியாத்தத்தில்
கல்யாணம் முடித்து,
பெண் குழந்தையும் கொடுத்திருந்தோம்.

காசு கொடுக்கப் போனபோது
கணக்கு நோட்டு திறந்தே கிடந்தது.
கண்ணாடி – 48.
சர்க்கரை இல்லை – 60.
நீல பேக் – 72.
என் தோளில் தொங்கியதைப் பார்த்துக்கொண்டேன்.
"குமுதவல்லி" என்றேன்.
அவர் நீல பேக்கை அடிக்கவில்லை.
பக்கத்தில் எழுதிக்கொண்டார்,
ஒரு "ல்" குறைச்சலாக.

எதிரே வந்து நின்ற பஸ்
ஆளில்லாத மரத்தைப் பார்த்து
ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் மழை இல்லை.
வேப்பமரத்தடியில் ஐந்து பேர்.
ரோட்டுக்கு இந்தப் பக்கம், பெஞ்சில்,
நாங்கள் நான்கு பேர்.
பிபுல் ஐந்து கப்போடு
லாரி போகட்டும் என்று நிற்கிறான்.