உரிமையாளர் பெயர்

கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் மூடினால்
எங்கள் கிளினிக் திறந்ததாக அர்த்தம்.
கூட்ஸ் வண்டி போய்முடியும்வரை
இந்தப் பக்கம் நிற்கிற ஆட்டோக்களில்
எப்படியும் ஒன்றில்
கோணிப்பைக்குள் ஏதோ முனகும்.

சீட்டு இருபது ரூபாய்.
ஊசிக்குத் தனி. இல்லாதவர்களுக்கு இல்லை.
பலகையில் இப்படி எழுதப்போய்
ஊசியே இல்லை போலிருக்கிறது என்று
இரண்டு பேர் திரும்பிவிட்டார்கள்.
மறுநாள் அழித்தோம்.

என் வேலை நோட்டு.
தேதி, என்ன பிராணி, ஆணா பெண்ணா, என்ன குறை.
கடைசிக் கட்டம் உரிமையாளர் பெயர்.
அது காலியாக இருந்தால்
கணக்கு நிற்காது என்கிறார் ஆடிட்டர்.

காசிமேட்டிலிருந்து எஸ்தர்
ஒரு பூனையை மார்போடு அணைத்து வந்தாள்.
கீழுதட்டில் தூண்டில் முள்.
"என்னுது இல்லக்கா.
என் கூடையில திருடித் துன்னுறது."
எழுதினேன்:
எஸ்தர், திருட்டுக் கொடுத்தவர்.

பக்கிங்காம் கால்வாயில் விழுந்த குட்டியை
கறுப்பு என்று எழுதியிருந்தேன்.
எட்வின் பாத்திர சோப்புப் போட்டுக் கழுவ
மூன்றாம் தண்ணீரில் அது
வெள்ளையாக வெளியே வந்தது.
அடித்துத் திருத்தினேன்.
கையெழுத்து யாருடையது என்று
அதற்கும் ஆடிட்டர் கேட்பார்.

பார்வோ வந்த குட்டிகள் நாலு,
பிளாஸ்டிக் கூடையில், ஷட்டர் ஓரம்.
வைத்துவிட்டுப் போனவர் யாரோ.
கடைசிக் கட்டத்தில்
'விடியற்காலை' என்று எழுதினேன்.
சனிக்கிழமை இரண்டு இருந்தன.
ஞாயிற்றுக்கிழமை
கூடையைக் கழுவிக் கவிழ்த்தோம்.
அடியில் விரித்திருந்த பேப்பரில்
யாரோ எதையோ திறந்துவைத்துச் சிரித்தார்கள்.

தணிகாசலம் வந்தது ஒரு செவ்வாய் ராத்திரி.
துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வரிசை
நகராமல் நின்றுகொண்டிருந்தது.
லாரியை கிளீனரிடம் விட்டு
அவ்வளவு தூரமும் நடந்து வந்திருந்தார்.
சட்டை நாயைச் சுற்றி இருந்தது.
பனியன் முழுக்க ரத்தம்.

"நான் ஏத்தல" என்றார் வந்ததும்.
நாங்கள் யாரும் கேட்கவில்லை.

"எடுத்துட வேண்டியதுதான்" என்றார் டாக்டர் நஸ்ரீன்.
பின்னங்காலைத்தான் சொன்னார்.
அவர் உயிரை என்று நினைத்து
சுவரைப் பிடித்துக்கொண்டார்.
எட்வின்தான் தண்ணீர் கொடுத்தான்.

பெயர் சொல்லுங்க என்றேன்.
"நாய்க்கா?"
உங்களுக்கு.
"எங்க நாய் இல்லீங்களே. எழுதாதீங்க."
ரத்தம் காய்ந்த சட்டையை
அப்படியே போட்டுக்கொண்டு போனார்.
கட்டம் காலி.

அடுத்த செவ்வாய் வந்தார்.
அதற்கடுத்ததும்.
வண்டியை வரிசையில் போட்டுவிட்டு
கையில் இரண்டு பன்,
ஒன்று எங்களுக்கு என்பதுபோல நீட்டுவார்.
கூண்டுக்கு நாலடி தள்ளி நிற்பார்.
மூன்று காலில் நிற்கக் கற்றுக்கொண்ட நாய்
எட்வினுக்கு வாலாட்டும்,
ஊசி போடும் டாக்டருக்கும் ஆட்டும்,
இவர் இருமினால் போதும்
மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்காரும்.
டீசல் வாசனையாக இருக்கலாம் என்றேன்.
"இருக்கும்" என்றார்.

ஐந்தாவது வாரம்
நான் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தபோது
மேசையருகே வந்து நின்றார்.
முன்னால் நாலு பேர், இரண்டு கோழி, ஒரு ஆடு.
எல்லோருக்கும் கேட்கிற மாதிரி,
"ஏத்துனது நான்தான்" என்றார்.
ஆடு மட்டும் கத்தியது.

பேனாவை வாங்கி
பக்கங்களைப் பின்னால் தள்ளி
அந்தச் செவ்வாயைத் தேடினார்.
காலியாக இருந்த கட்டத்தில்
வண்டி நம்பர் எழுதிப் பழகிய கையால்
கட்டை எழுத்தில் பெயரை எழுதினார்.
இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்தும்
கோட்டைத் தாண்டிவிட்டன.

நாய் இன்னும் மூலையில்தான்.
அவர் போய்
கேட் ஒருமுறை மூடித் திறந்தபிறகு
நொண்டிக்கொண்டு வந்து
பன்னைத் தின்கிறது.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
ஆடிட்டரைத்தான் கேட்க வேண்டும்.