சேத நாள்

படிவத்தின் நான்காம் கட்டம் கேட்கிறது:
விபத்து நடந்த தேதி, நேரம்.
ஹில்க்கா வெஸ்டெரினன்
பென்சிலால் எழுதி, அழித்து,
மறுபடி எழுதியிருக்கிறாள்:
பதினோரு வருடம். பகல் வேளை.

கணினி அதை வாங்கிக்கொள்ளவில்லை.
எட்டு இலக்கம் வேண்டும் அதற்கு.
அவள் முதன்முதல் மருத்துவரிடம் போன நாளைப் போட்டேன்,
ஒரு செவ்வாய்க்கிழமை.
கோப்பு திறந்துகொண்டது.

இழப்பீட்டுப் பிரிவில் எனக்கு இது ஒன்பதாவது குளிர்காலம்.
கட்டைவிரலுக்கு ஒரு விலை,
சுண்டுவிரலுக்கு ஒரு விலை, மனப்பாடம்.
மர ஆலையில் வாள் இறங்கியதை
ஐந்து பேராவது பார்த்திருப்பார்கள்.
சுவர் ஒருத்தியின் மூச்சுக்குள் இறங்கியதை
யார் பார்த்தது?
‘உள்காற்று’ என்று பின்லாந்துக்காரர்கள் எங்களிடம்
தனிச்சொல்லே இருக்கிறது, செய்தித்தாளில் தினமும் வரும்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

குவோபியோவுக்கு வடக்கே ஒரு பள்ளி, தட்டைக் கூரை.
அவள் அங்கே செயலர்.
ஏப்ரலில் பனி உருகினால்
அலமாரிக்குப் பின்னால் தாள் உரிவதுபோல் ஒரு சத்தம்.
மதியம் இரண்டு மணிக்குள் குரல் போய்விடும்.
ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன்
அவளுக்குப் பதிலாகத் தொலைபேசியில் பேசுவானாம்,
வெகு மரியாதையாக.
வீட்டுக்கு வந்ததும் கம்பளிச் சட்டையை
பால்கனியில் தொங்கவிடச் சொல்வானாம் கணவன்.
உருளைக்கிழங்கு நிலவறை நாற்றம்.

இணைப்பு இரண்டு, மூச்சுக் கையேடு.
குழாயில் ஊதி, முள் நின்ற எண்ணைக் குறிக்க வேண்டும்.
ஞாயிறு, வீட்டில்: நானூற்று முப்பது.
திங்கள், நண்பகல்: முந்நூற்றுப் பத்து.
வியாழன்: இருநூற்று எண்பது.
ஜூலை முழுக்க ஏரியோரக் குடிலில்
நானூற்று ஐம்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை.
ஆகஸ்டில் பள்ளி திறக்கிறது.
அந்த வாரம் எண்களின் கையெழுத்தும் குறுகியிருக்கிறது.

எங்கள் ஆலோசக மருத்துவர் ஓரத்தில் எழுதினார்:
எண்களைக் குறித்தவர் மனுதாரரே.
அதற்குக் கீழே:
கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது. அளக்க இயலாது.
பூஞ்சை இருந்ததற்கு ஆதாரம் இல்லை.

மறுப்புக் கடிதம் தயார்.
என் கையெழுத்து மட்டும் பாக்கி.

இணைப்பு ஏழை நான் பார்த்திருக்கவில்லை.
ஒற்றைத் தாள். மேலே எங்கள் நிறுவனத்தின் முத்திரை.
நகராட்சி தந்த நீர்ச்சேத மனு:
கூரை, கிழக்குச் சுவர்,
அறை பதினான்கு முதல் பத்தொன்பது வரை.
காப்புப் பஞ்சு கறுத்திருந்தது,
சுவருக்குள் பூஞ்சை பரவியிருந்தது,
எங்கள் பொறியாளரே ஒப்பமிட்டிருக்கிறார்.
ஆறு வாரத்தில் பணம் போய்விட்டது
கட்டடத்துக்கு.
எண்களை நீயே குறித்தாயா என்று
சுவரை ஒருவரும் கேட்கவில்லை.
அடியில் சின்ன எழுத்தில், தட்டச்சு: ஹி. வெ.
பதினாறாம் எண் அவள் அறை.

இரண்டு மாடி ஏறி சொத்துப் பிரிவுக்குப் போனேன்.
ஒஸ்மோ கம்பு ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.
“அது சுவர்க் கோப்பு.
உன்னுடையது ஆள் கோப்பு.
ரெண்டும் ஒரே சிஸ்டத்துல இல்லையே.”
வாயைத் துடைத்துக்கொண்டு
தேதியை மட்டும் படித்துக் காட்டினான்.

கீழே வந்து செவ்வாய்க்கிழமையை அழித்தேன்.
சுவரின் சேத நாளை
நான்காம் கட்டத்தில் இட்டேன்.
எட்டு இலக்கம். ஏற்றுக்கொண்டது.
கடிதத்தைக் கிழிக்கவில்லை, இழுப்பறையில் இருக்கிறது.
கோப்பு வாரியத்துக்குப் போய் மூன்று மாதம்.

நேற்று அவளே கூப்பிட்டாள்.
தீர்ப்பு என்னாச்சு என்று கேட்பாள்
என நினைத்துப் பதில் ஒன்று வைத்திருந்தேன்.
ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால்
கொஞ்சம் நின்று சொன்னாள்:
“அந்தக் கையேடு அசல்...
நகல் எடுத்துக்கிட்டுத் திருப்பி அனுப்ப முடியுமா?
அதுல இன்னும்
பக்கம் மிச்சம் இருக்கு.”